பன்னிரண்டு கேரியரும் ஏழு நாயும்

ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரே ஒரு பஞ்சு மில்லாம், மில்லுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு தெருவாம், அந்தத் தெருவுக்கு ராசாவும் கிடையாது மந்திரியும் கிடையாது, ஏழே ஏழு நாய்தான் உண்டாம் என்று சொல்லிக்கொண்டே மிதிக்கிறேன், வாய்விட்டு இல்லை, மனசுக்குள்தான். கதை சொன்னால் எதிரே இருந்து யாராவது 'ம்' கொட்ட வேண்டும். ஆள் இல்லாததால் செயின் கொட்டுகிறது, எண்ணெய் காணாத செயின், ஒரு மிதிக்கு ஒரு 'ம்'. பின்னால் மூங்கில் கூடை, கூடைக்குள் ஒன்பது டிபன் கேரியர், ஹேண்டில்பாரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று, ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டு வீட்டு அடுப்படியிலிருந்து வாங்கி, மில்லில் வேலை பார்க்கிற பன்னிரண்டு பேர் கைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், ஒரு மணிச் சங்கு ஊதுவதற்குள். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரைமணிதான். பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க்கடைக் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷம், பைபாஸைச் சுற்றினால் இருபத்தைந்து. போன வியாழக்கிழமை தெரு வழியாகப் போனேன், விழுந்தேன், நாலு கேரியர் கொட்டிப் போனது. அதற்குப் பிறகு நாலு நாளும் பைபாஸைச் சுற்றினேன், நாலு நாளும் லேட்டு. நேற்று மாரீஸ்வரி அக்கா, மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் வேலை பார்க்கிறவள், எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய் அவளுக்குத்தான், கேட்டில் நின்று சொன்னாள், "இங்க பாரு தவசி, நீ பத்து நிமிசம் பிந்துனா எங்களுக்குப் பாதிச் சோறு. நாளைக்குப் பிந்தவும் கூடாது, கொட்டவும் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், பொறவு அக்கா சொல்லலைன்னு சொல்லக் கூடாது." நான் தலையை ஆட்டினேன். "வாயத் தொறந்து சொல்லேம்ப்பா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" சரிக்கா என்றேன். எனக்கு நான் சத்தமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை போல, உள்ளே போய்விட்டாள்.

அதுவும் இன்றைக்கா. நேற்றோடு புரட்டாசி முடிந்தது. ஒரு மாதம் ஊரே சாம்பாரும் மோர்க்குழம்புமாகக் கிடந்து, இன்று ஐப்பசி ஒண்ணு, விடியுமுன்னே மீன்கடையில் கூட்டம், கறிக்கடையில் வரிசை தெருமுனை வரைக்கும். கேரியர் வாங்கப் போன வீட்டிலெல்லாம் ஒரே மாதிரிச் சிரிப்பு, 'இன்னைக்கு விசேசம்ப்பா, சாய்க்காமக் கொண்டு போ.' இடது கைப்பக்கம் தொங்குவது மாரீஸ்வரி அக்கா வீட்டுச் சீலாமீன் குழம்பு, புளியும் வெந்தயமும் சேர்ந்து மூடி இடுக்கில் மூச்சு விடுகிறது. வலப்பக்கம் எலும்புக்குழம்பு. கூடைக்குள் கோழி மூன்று, ஈரல் ஒன்று, கருவாடு எத்தனை என்று முகர்ந்தே சொல்லிவிடலாம். வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நான் ஒரு நடமாடும் கல்யாணப் பந்தி மாதிரி போய்க்கொண்டிருக்கிறேன், ஏழு நாய் இருக்கிற தெருவைப் பார்த்து. வாசனைக்குத்தான் நாய்கள் துரத்துகின்றன என்றால் புரட்டாசியில் துரத்தியிருக்கக் கூடாதே. கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கா அப்படி ஓடி வந்தன? போஸ்ட்மேன் போனாலும் துரத்துகின்றன, அவர் பையில் என்ன மீனா இருக்கிறது? ஆக வாசனை இல்லை. வாசனை இல்லை என்று தெரிந்தும் கை சீலாமீன் கேரியரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வேகமா மிதி, பிடிக்க முடியாது. மிதித்தேன், அவையும் வேகமாக வந்தன. குனிஞ்சு கல் எடுக்கிற மாதிரி பாவனை பண்ணு, ஓடிரும். சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு கேரியரோடு எங்கே குனிய? பிஸ்கட் போடு என்றார் ஒருத்தர். ஒரு பாக்கெட் போட்டேன், மறுநாள் நாலு நாய் ஏழு நாய் ஆனது. சைக்கிள் கடை ரத்தினவேல் அண்ணன் சத்தியம் பண்ணிச் சொன்னார், வாசலில் எல்லாரும் தொங்கவிடுகிறார்களே, நீலத் தண்ணீர் பாட்டில், நாய் அண்டாது என்று, அதையே சைக்கிளில் கட்டு. சொட்டுநீலம் கலந்து முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் கட்டிக்கொண்டு போனேன். நாய்கள் பாட்டிலையும் சேர்த்துத் துரத்தின. தெருவில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, "ஏய், பெட்ரோல் வண்டி வருது பாருங்கடி." எல்லாவற்றுக்கும் கடைசி வைத்தியம் காலைத் தூக்கிக்கொள்வது. அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்த ஊரில் சைக்கிள் பழகும்போதே வந்துவிடும், நாய் வந்தால் இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, சைக்கிள் தானாகப் போகிற வரை போகும். எனக்குப் பயம் நெஞ்சில் இல்லை. கெண்டைக்காலில் இருக்கிறது. குரைப்புச் சத்தம் கேட்டதும் கெண்டைக்கால் இரண்டும் என்னைக் கேட்காமலே மேலே போய்விடும். வியாழக்கிழமையும் அப்படித்தான் போயின.

வியாழக்கிழமையை நினைக்கக் கூடாது. ரேஷன் கடை தாண்டியாகிவிட்டது, இன்னும் பால் டெப்போ, மாவு மில், அப்புறம் தெரு. வியாழக்கிழமையை நினைக்கக் கூடாது என்று நினைப்பதே வியாழக்கிழமைதான். மனசுக்குள் அது ஓட ஆரம்பித்துவிட்டது. தெருவுக்குள் திரும்புகிறேன். முதலில் கத்தரிக்காது வருகிறது, காது கிழிந்த கறுப்பு நாய், அதற்கு நான் வைத்த பேர் அது. தெருவில் ஒரு வீட்டில் அதை டைகர் என்கிறார்கள், குழாயடி வீட்டுச் சீனியம்மா அத்தை துரை என்கிறாள், அது எல்லாப் பேருக்கும் வாலாட்டும், எனக்கு மட்டும் பல்லைக் காட்டும். அது குரைக்கிறது, பின்னாலேயே மற்ற ஆறும். கெண்டைக்கால் மேலே போகிறது. ஹேண்டில்பார் நடுங்குகிறது. கூடை ஒரு பக்கம் இழுக்கிறது. வானம் தெரிகிறது, வானத்தில் ஒரு மின்கம்பி, கம்பியில் ஒரு காக்கா. அப்புறம் முழங்கை. அப்புறம் ஒரு மூடி, யார் வீட்டுக் கேரியர் மூடியோ, தனியாகக் கழன்று தெருவில் உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் விழுந்து, ணங் என்று, ணங்ணங்ணங் என்று தட்டாமாலை சுற்றிச் சுற்றிச் சுற்றி அடங்குகிறது. அப்புறம் சீனியம்மா அத்தையின் சிரிப்பு, "அய்யய்யோ மருமகனே, தெருவுக்கே பந்தி போட்டுட்டியே!" அப்புறம் சாம்பாரில் ஊறிய என் சட்டை. அப்புறம் மில் கேட்டில் வெறும் கையோடு நின்ற நாலு பேர். மற்றவர்கள் தங்கள் கேரியரைத் திறந்து ஆளுக்கொரு கை சோறு அவர்களுக்கு எடுத்து வைத்தார்கள், ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மறுபடியும் முதலிலிருந்து. தெருவுக்குள் திரும்புகிறேன், கத்தரிக்காது வருகிறது, குரைப்பு, கால், வானம், காக்கா, முழங்கை, மூடி. ராத்திரி படுத்தால் இதுதான், பல் தேய்த்தால் இதுதான், இத்தனை தடவை ஓட்டிப் பார்த்த ஒரு துண்டு நேரம் வேறு எதுவும் என்னிடம் இல்லை. எப்போதும் மூடி சுற்றுகிற இடத்தில் வந்து நிற்கும், அங்கேயே கொஞ்சம் சுற்றும், பிறகு சிரிப்புக்குத் தாவும். மூடி. ணங்ணங்ணங். அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது?

பால் டெப்போ. மாவு மில்லில் மிளகாய் அரைக்கிறார்கள், கண் எரிகிறது, தும்மல் வருகிறது, கல் உருளும் கடகடவில் பக்கத்தில் மணி அடித்தால்கூட எனக்குக் கேட்காது. கேட்காது. மாவு மில் ஓடும்போது மணிச்சத்தம் கேட்காது. அப்படியானால் ஏழு நாய் சுற்றி நின்று குரைத்துக்கொண்டிருந்தால் ஒரு மூடி அடங்குகிற சத்தம், அதுவும் கடைசியில் ஈ பறக்கிற மாதிரி சன்னமாகப் போய் ஓய்ந்த சத்தம், எனக்கு எப்படிக் கேட்டது? மிதிப்பது நின்றுபோய் சைக்கிள் தானாக ஓடுகிறது. எனக்கு எப்படிக் கேட்டது? மூடிக்கும் சிரிப்புக்கும் நடுவில் என்ன இருந்தது? எதுவுமே இல்லை. எதுவுமே இல்லை என்றால் குரைப்பும் இல்லை. நாய்கள் குரைக்கவில்லை! நான் கீழே கிடந்தேன், தெருவில் சோறு கிடந்தது, ஏழும் சுற்றி நின்றன, ஒன்றும் குரைக்கவில்லை. இப்போது தெரிகிறது, அத்தனை தடவை ஓட்டியும் தெரியாதது தெரிகிறது, கத்தரிக்காதின் முகம் என் முகத்துக்கு ஒரு முழத்தில், வாய் மூடியிருக்கிறது, காது பின்னால் போயிருக்கிறது, விருந்துக்குப் போன வீட்டில் தெரியாமல் தம்ளரை உடைத்துவிட்டவன் முழிப்பானே அந்த முழி. அது என் கையை ஒரு தடவை முகர்ந்தது. பிறகுதான், நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான், சாம்பார்ச் சோற்றுப் பக்கம் போனது. கடிப்பதென்றால் அப்போது கடித்திருக்கலாமே, கெண்டைக்கால், முழங்கை, மூக்கு, எல்லாம் அதன் வாய்க்குப் பக்கத்தில்தானே இருந்தது. நாலு நாளாக நான் எதற்கு பைபாஸைச் சுற்றினேன்? துரத்த அதற்கு ஓடுகிற சைக்கிள் வேண்டியிருந்தது, தப்பிக்க எனக்கு ஓடுகிற சைக்கிள் வேண்டியிருந்தது, இரண்டு பேரும் ஒரே சைக்கிளை நம்பி ஓடியிருக்கிறோம். ஓடுவது நின்றால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நினைப்பது சரிதானா என்று பார்க்கத் தெரு வந்துவிட்டது, நீலப் பாட்டில்கள் தொங்குகிற முதல் வாசல், மணல் குவியல், மணல் மேல் கறுப்பாக ஒன்று தலையைத் தூக்குகிறது. கெண்டைக்கால் மேலே போகப் பார்க்கிறது. நான் அதைக் கீழே இறக்குகிறேன். ஒரு காலை இறக்கினேன். இன்னொரு காலையும் இறக்கினேன். தரையில் நிற்கிறேன், தெருமுனையில், நட்டநடு வெயிலில், பன்னிரண்டு கேரியரைப் பிடித்துக்கொண்டு.

நட. ஓடாதே, நட. சைக்கிளை எனக்கும் அவற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நட. தெரு மொத்தம் காலால் எட்டு வைத்து எண்ணினால் நூற்று நாற்பது இருக்கும், மெதுவாக நடந்தால் மூன்று நிமிஷம், மூன்று நிமிஷம் போனாலும் மிச்சம் இருக்கிறது, கொஞ்சம்தான் இருக்கிறது. கத்தரிக்காது குரைத்துக்கொண்டே வருகிறது, பின்னால் ஆறும் வருகின்றன, ஏழு குரைப்பும் ஒன்றாகி ஒரு சுவர் மாதிரி வருகிறது, இருபது எட்டு, கெண்டைக்கால் துடிக்கிறது, இருபத்தைந்து, சுவர் என் மேல் இடிய வேண்டிய இடத்தில் இடியவில்லை. நாலு முழத்தில் நின்றுவிட்டது. குரைப்பில் ஓட்டை விழுகிறது, முதலில் குட்டைவால் நிறுத்துகிறது, அப்புறம் செவலை, நிறுத்திவிட்டு ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கின்றன, நீ சொல்லு, நீ சொல்லு என்கிற மாதிரி. நடக்கிறவனைத் துரத்துவது எப்படி என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாற்பது எட்டு. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சீனியம்மா அத்தை இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறாள். "என்ன மருமகனே, பஞ்சரா?" இல்ல அத்தை. "பின்ன என்னத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போற?" நடக்கணும்னு தோணுச்சு அத்தை. "என்னலே? ஒரக்கச் சொல்லு, நாய்க்கே கேக்கல!" குழாயடியே சிரிக்கிறது. சிரிக்கட்டும், நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், எழுபது. எல்லா நாயும் பின்தங்கிவிட்டன, கத்தரிக்காதைத் தவிர. அது சைக்கிளைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டது. மூக்கு சீலாமீன் கேரியர் பக்கம் நிமிர்கிறது. நிமிர்ந்து, இறங்கி, என் கெண்டைக்காலில் படுகிறது. ஈரமாக, சில்லென்று. இத்தனை வருஷம் நான் பயந்த இடத்தில் இத்தனை வருஷம் நான் பயந்தது வந்து தொட்டுவிட்டது. ஏறி மிதித்துவிடு என்கிறது உடம்பு முழுக்க, ஒரு எக்கில் சீட்டில் உட்கார்ந்துவிடலாம், இன்னும் அறுபது எட்டுதான், பறந்துவிடலாம். பறந்தால் துரத்தும், துரத்தினால் கால் மேலே போகும், கால் மேலே போனால் மூடி. நான் நின்றேன். நடக்கக்கூட இல்லை, நின்றேன். திரும்பி அதை நேராகப் பார்த்து, "போ" என்றேன். கத்தவில்லை, எனக்குக் கத்த வராது, மாரீஸ்வரி அக்காவிடம் சரிக்கா என்று சொன்ன அதே குரல்தான். கத்தரிக்காது கிழிந்த காதையும் கிழியாத காதையும் சேர்த்து நிமிர்த்தியது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. "வீட்டுக்குப் போ" என்றேன். அது போனது. ஓடவில்லை, வாலைச் சுருட்டவில்லை, வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி திரும்பி நடந்து போய் மணலில் ஏறிப் படுத்துக்கொண்டது. குழாயடியில் சிரிப்பு இல்லை. "ஏட்டி, துரை அவன் சொன்னதக் கேட்டுச்சுடி" என்று யாரிடமோ சொல்கிறாள் சீனியம்மா அத்தை. "நாம கத்துனாக்கூட அது அசையாதே." எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. எண்பது, தொண்ணூறு, நூறு என்று நடந்தேன், அவசரப்படவில்லை, நூற்று முப்பத்தாறில் தெரு முடிந்தது, நாலு எட்டு எனக்கு லாபம்.

சின்னப் பாலம் தாண்டித்தான் ஏறினேன். ஏறின பிறகு கால் என் கால், கெண்டைக்கால் என் கெண்டைக்கால், எப்படி மிதிக்கிறது பார், மேற்கே மலை எழுந்து நிற்கிறது, மலை மேல் ஒரு மேகம், எல்லாம் எனக்காகவே கழுவி வைத்த மாதிரி. ராசகுமாரன் கதை எத்தனை கேட்டிருக்கிறேன், எல்லாவனும் குதிரை மேல் ஏறித்தான் ஜெயித்தான், குதிரையை விட்டு இறங்கி ஜெயித்தவனை எந்தக் கதையிலும் கண்டதில்லை, இனிமேல் ஒருத்தன் இருக்கிறான். சிரிப்பு வருகிறது, தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறேன், எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். நாளைக்கும் அவை குரைக்கும், தெரியும். நாளைக்கும் இறங்குவேன். மிதி. மில் சுவர் தெரிகிறது, புகைக்கூண்டு தெரிகிறது, மிதி, கேட் பக்கத்து வேப்பமரம், நிழல், ஸ்டாண்டைப் போட்டேன். ஒன்று இரண்டு மூன்று என்று கேரியர்களை இறக்கி வரிசையாக வைத்தேன், சிவப்புப் புள்ளி வைத்தது, கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டியது, மூடி நசுங்கியது. பதினொன்றை வைத்துப் பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தபோது தலைக்கு மேல் சங்கு ஊதியது. அடிவயிற்றில் புகுந்து காலில் இறங்குகிற சத்தம். இத்தனை நாள் அது என்னைத் துரத்துகிற சத்தமாக இருந்தது. இன்று எனக்காக ஊதின மாதிரி இருந்தது.

வந்துவிட்டார்கள், தலையெல்லாம் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, பசி நடை. "ஏ, வந்துட்டாம்யா! சங்குக்கு முன்னாலயே நிக்கான்." "தொறந்து பாரு மொதல்ல, வெறுஞ்சட்டியா இருக்கப் போவுது." "இல்லடி, கனக்கு." "எலும்பு! எங்க வீட்ல எலும்பு வச்சிருக்கா!" "ஒரு மாசம் ஆச்சே கண்ணு, ஒரு மாசம் ஆச்சே." ஒவ்வொருத்தராக எடுத்துக்கொண்டு உள்ளே சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போகிறார்கள், போகும்போதே மேல் தட்டை நெம்பித் திறந்து முகர்ந்துகொண்டு. பைபாஸா, தெருவா என்று ஒருத்தர் கேட்டார், தெரு என்றேன், நாயெல்லாம் செத்துப்போச்சா என்றார், இருக்கு என்றேன். பதினொரு கேரியர் போய்விட்டது. மாரீஸ்வரி அக்கா கடைசியில் வந்தாள். உட்கார்ந்து, வேப்பமரத்தடியிலேயே, மூடியைத் திறந்தாள். சீலாமீன் குழம்பு மேலே எண்ணெய் வட்டம் கலையாமல் நின்றது, காலையில் அடுப்பிலிருந்து இறக்கியது போல. மூடியின் உள்பக்கம் விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தாள், குழம்பு மேலே ஏறியிருக்கிறதா என்று. விரலில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள், முழங்கையில் காய்ந்த புண்ணைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். நாய்களைப் பற்றி, எட்டுகளைப் பற்றி, நின்றதைப் பற்றி. காலிக் கூடையின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். அவள் மூடியை அழுத்தி மூடினாள், முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "நாளைக்கு நண்டு வைக்கச் சொல்லிருக்கேன்" என்றாள். "அதுக்கு எடுக்கிற பெரிய கேரியரோட மூடி சரியா ஒக்காராது. பாத்துக் கொண்டு வா, தவசி." கேரியரை இடுப்போடு அணைத்துக்கொண்டு, பசிக்கிற வேகத்தில், திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்து போனாள்.